ராஜா எப்படிச் செத்தார்

ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் ஒரு ராஜா படம் போட்டார்கள். திங்கட்கிழமை காலை என் வகுப்புக்கு ஆய்வாளர் வந்தார். என் தலையெழுத்து, இரண்டும் அடுத்தடுத்து வந்து தொலைந்தன.

எண்பத்தேழாம் வருஷம். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சரித்திர டீச்சர். இந்த ஆய்வு நல்லபடியாக முடிந்தால்தான் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஆய்வாளர் யக்ஞநாராயணன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்புப் பாடத்திலும் அதே ராஜாதான். "மன்னர் எப்படி இறந்தார்?" என்று கேட்டார்.

"போர்க்களத்துல சார்! குதிரை அவரைச் சுமந்துகினு வந்து ராணி மடியில போட்டுச்சு சார்!" வகுப்பே கத்தியது. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அது படத்தில் வந்த முடிவு. கூடப்பிறந்த அண்ணனைக் கொன்று பட்டமேறி, கிழவனாகி, வயிற்றுப்போக்கில் செத்த ஆசாமி அவர். மூன்று நாள் தொண்டை கிழிய நடத்திய பாடத்தை மூன்று மணி நேரப் படம் துடைத்துவிட்டது. பிள்ளைகளைச் சொல்லி என்ன? சர்ச்சில் மாலை ஆராதனைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து அழுதவள்தானே நானும்!

"புத்தகத்தை ஒருத்தரும் திறக்கிறதில்லையா?" ஆய்வாளர் பேனாவை எடுத்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து கனகவல்லி எழுந்தாள். "வயித்துப்போக்குல சார். எழுவது வயசுல, படுக்கையில." அண்ணனைக் கொன்றதையும் சொன்னாள்.

"நீ படம் பார்க்கலையா?"

"எங்க வூட்ல டிவி இல்ல சார். எதிர் வூட்டுக்குப் போனேன், கதவ சாத்திகினாங்க. அதான் புக்கு படிச்சேன்."

எதிர்வீடு என் வீடு. தெருப் பிள்ளைகள் திமுதிமுவென்று வந்துவிடுவார்களே என்று கதவைச் சாத்தியவள் நான். அவள் என் பெயரைச் சொல்லவில்லை.

"அந்தக் கதவைச் சாத்தினவங்க நல்லா இருக்கணும்" என்று ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். வெட்கமாகவும் இருந்தது.

இடைவேளையில் கனகவல்லி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "டீச்சர், ராணி கடைசில இன்னா ஆனாங்க?"

சரித்திரத்தில் அப்படியொரு ராணியே கிடையாது. ஆனாலும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாட்டு உட்பட, ஒரு பொய்யும் விடாமல் முழுப் படத்தையும் சொன்னேன்.