கோகோ டப்பாவுக்குள் மூன்று சீட்டு

ஆரஞ்சுப் பழமும் ஒரு கொலையும் கையில் இல்லாமல் நார்வேயில் எவனும் ஈஸ்டருக்கு மலையேற மாட்டான். கொலை என்றால் புத்தகத்துக்குள் நடக்கிற கொலைதான். சுன்னிவா வீட்டில் அதற்கென்று ஒரு சட்டமே இருந்தது. லைப்ரரியிலிருந்து ஒரே ஒரு துப்பறியும் நாவல். மலைக்குடிலில் வியாழக்கிழமை தொடங்கி, ஆளுக்கொரு அத்தியாயமாகச் சத்தமாகப் படிப்பார்கள். பாதி முடிந்ததும் கொலைகாரன் யாரென்று சீட்டில் எழுதி கோகோ டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஞாயிறு காலை கடைசி அத்தியாயம் முடிந்த பிறகுதான் டப்பா திறக்கும். அதுவரை யாரும் ஒரு பக்கம்கூட முன்னால் புரட்டக் கூடாது.

ஜெயித்தவருக்கு இரண்டு சலுகை. அடுத்த வருஷப் புத்தகத்தை அவர்தான் எடுத்து வருவார். அடுத்த ஈஸ்டருக்கு எங்கே போவது என்பதையும் அவர்தான் சொல்வார்.

ஒன்பது வருஷமாக ஜெயித்தது ஹால்வார். அவள் கட்டிக்கொண்டவன். ஒன்பது வருஷமும் அவன் சொன்ன இடம் அவன் அப்பா கட்டிய இந்தக் குடில்தான். என்ன மூளைடா இவனுக்கு என்று சுன்னிவா அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தாள், பைத்தியக்காரி.

அவளுடைய அப்பா வடக்கே ஒரு தீவில் தனியாக இருந்தார். இந்த வருஷமாவது வருவீங்களா என்று மார்ச் மாதம் தவறாமல் போன் பண்ணுவார். ஹால்வார் ஜெயிச்சுட்டான்பா என்பாள். அவர் சிரித்துவிட்டு, புத்தகத்தின் பெயரைக் கேட்டு, தீவு லைப்ரரியில் அதையே எடுத்துப் படிப்பார். எட்ட உட்கார்ந்தாவது கூட சேர்ந்து படித்ததாக இருக்கட்டும் என்பார். ஒரு வருஷம் வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டார். அவள் ஆசை தாங்காமல், யாருப்பா கொன்னது, லேசா ஒரு கோடி காட்டுங்களேன் என்று கெஞ்சினாள்.

"சொன்னா ஆட்டம் கெட்டுடும்மா. நீயே கண்டுபிடிச்சு ஜெயி. அப்புறம் வா" என்றார்.

போன ஜனவரியில் அவர் கண்ணை மூடிவிட்டார்.

இந்த ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை ஹால்வாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சொல்லி வைத்திருந்த புத்தகத்தை எடுத்துவர அவள் லைப்ரரிக்குப் போனாள். அங்கே பெரித், இருபது வருஷமாக அதே மேஜை, அட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இத பிப்ரவரியிலயே படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்தானே உன் ஆளு. வருஷா வருஷம் ஈஸ்டர் புத்தகத்த ரெண்டு வாட்டி எடுக்கறவன் ஊர்லயே அவன் ஒருத்தன்தான். உனக்காகத் தேர்ந்தெடுக்கறானாமே, குடுத்து வெச்சவ நீ."

சுன்னிவா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். காரில் உட்கார்ந்து சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷம், ஒன்பது புத்தகம், ஒன்பது மார்ச் மாதம்.

எதுவரை போகிறான் பார்ப்போம் என்று குடிலுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை குடிலின் வெயில் பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து, காலடியில் பனி, மடியில் ஆரஞ்சுத் தோலோடு, பதினாறு வயது மகள் தீரிலையும் சேர்த்து மூவரும் படித்தார்கள். ஹால்வார் தலையைச் சொறிந்தான். எனக்கென்னவோ டாக்டர் மேலதான் சந்தேகம் என்றான். அப்புறம் இல்லை, விதவை என்றான். பிணம் கிடைத்த இடத்தில் ஐயையோ என்று துள்ளி விழுந்தான். போன வருஷமும் அதே துள்ளல்தான். அவள் ரசித்துக் கைதட்டியிருந்தாள். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

அன்று மாலை மூன்று சீட்டும் டப்பாவுக்குள் போயின.

ஞாயிறு காலை முட்டையும் ரொட்டியும் ஆனதும் கடைசி அத்தியாயம். கொன்றது தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவன். தீரில் டப்பாவைத் திறந்தாள். அவள் சீட்டில் டாக்டர். அப்பா சீட்டில் ஆர்கன்காரன். உங்கள ஜெயிக்கவே முடியாதுப்பா என்று சிணுங்கிக்கொண்டே மூன்றாவதைப் பிரித்தாள்.

"ஹால்வார், பிப்ரவரி மாசம், லைப்ரரியில." படித்துவிட்டு நிமிர்ந்தாள். "என்னம்மா இது?"

ஹால்வார் மேஜைத் துணியைத் தடவினான். இந்த இடம்னா எனக்கு உயிர், உனக்கே தெரியும், ஒரு விளையாட்டுக்குத்தானே என்று ஆரம்பித்தான்.

"ஒரு வருஷம் நான் ஜெயிச்சிருந்தா எங்கப்பாகிட்ட மகளும் பேத்தியும் போயிருப்போம். அவருக்கு விடை தெரியும். நான் கெஞ்சிக் கேட்டும் சொல்லல" என்றாள் சுன்னிவா.

தீரில் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"சரி, தப்புதான்" என்றான் ஹால்வார். "இந்தத் தடவை நீதான் ஜெயிச்சே. அடுத்த ஈஸ்டருக்குத் தீவுக்கே போவோம், சுன்னிவா. சத்தியமா."

"யாரப் பாக்க?" என்றாள் அவள்.

பிறகு எழுந்து, பாதி உரித்த ஆரஞ்சை அப்படியே வைத்துவிட்டு, புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காகத் தன் பையில் எடுத்து வைத்தாள்.