வஃப்ராவில் வெண்டை விதைத்த குளிர்காலம்

குவைத்தின் தெற்கு எல்லையை ஒட்டிய வஃப்ராவில், ஓர் அரபி வீட்டுப் பண்ணையில் உமாபதி தோட்ட வேலை பார்த்தார். ஒட்டன்சத்திரத்துப் பக்கம் காய்கறி போட்டுப் பழகியவர். பாலைவனத்தில் உறைபனி விழும் என்பதை இங்கே வந்த முதல் ஜனவரியில்தான் கண்டார். விடிந்து பார்த்தால் தக்காளிச் செடிகள் வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கிடந்தன. வெயில் ஏற ஏறக் கறுத்துப்போயின.

மறு வருடம் பண்ணையின் தாழ்ந்த மூலையில், முழங்கால் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டினார். தினமும் விடியலில் பார்த்து நோட்டில் எழுதினார். மூன்று குளிர்காலம் எழுதியபின் ஒரு தெளிவு கிடைத்தது. டிசம்பர் இருபதுக்கு முன்னால் பனி விழுந்ததில்லை. பிப்ரவரி பத்துக்குப் பின்னாலும் விழுந்ததில்லை. தக்காளியை டிசம்பர் இருபதுக்குள் பறித்து முடிக்க வேண்டும். சூடு கேட்கும் செடி எதுவானாலும் பிப்ரவரி பத்து தாண்டித்தான் வெளியே வர வேண்டும்.

1996 நவம்பரில் எஜமானி அவரைக் கூப்பிட்டனுப்பினார். எல்லோரும் அந்த அம்மாளை உம் ஃபஹத் என்பார்கள். ஃபஹதின் தாய் என்று பொருள். ஃபஹதை ஈராக் படையினர் 1991-இல், போர் முடிய இரண்டு நாள் இருக்கையில், தெருவிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு தகவல் இல்லை. சர்க்கரையால் அம்மாளுக்குக் காலில் ஆறாத புண். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் வீட்டு நர்ஸ் சுகிர்தராணி, குளச்சல்காரி.

"பெருநாள் முடிந்து ஈராக்கில் கைதிகள் சிலரை விடுவார்களாம். மார்ச்சில் எனக்கு வெண்டைக்காய் வேண்டும். அவனுக்குக் கறியோடு வெண்டைக்காய் இருந்தால் போதும்" என்றார் உம் ஃபஹத். கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று யாரும் சொல்லவில்லை.

வேலைக்காரர்கள் வீட்டு எஜமானியை மாமா, அதாவது அம்மா, என்பார்கள். உமாபதி தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னார். "மாமா, மார்ச்சில் காய் வேண்டுமென்றால் ஜனவரி முதலிலேயே விதைக்க வேண்டும். அப்போது பனி இருக்கும். செடி செத்துப்போகும்."

"விதை."

உமாபதி தெற்கு பார்த்த சுவரை ஒட்டி ஒரு பாத்தி எடுத்தார். பகல் முழுக்க வெயில் வாங்கும் சுவர், இரவில் கொஞ்சம் சூடு விடும். கம்பியை வளைத்து நட்டு மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தினார். கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும் என்பதால், குளிர் கடுமையான நாட்களில் பாய்ச்ச வாய்க்காலும் வெட்டினார். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. நூற்றைம்பது காகித டீ கப்புகளில் தனியாக விதை போட்டு, மோட்டார் அறைக்குள் ஜன்னலை ஒட்டி வைத்தார். பிப்ரவரி பத்துக்குப் பிறகு அவற்றைக் கப்போடு மண்ணில் இறக்குவதாக யோசனை.

நோன்பு மாதத்தில், ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி காலை, தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று காட்டியது. பிளாஸ்டிக்கின் உள்பக்கம் வெள்ளையாக உறைந்திருந்தது. தாளை விலக்கினார். பாத்தியில் ஒரு செடிகூடத் தேறவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட ஆரம்பித்தார்.

சுகிர்தராணி ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ரெண்டு மாசமா இதுக்காகக் கெடந்தியளே. ஒரு வருத்தமும் மொகத்துல காங்கலையே."

"வருத்தம் வரல, சிஸ்டர். எதுக்குமே வரமாட்டேங்குது. தொண்ணூறுலருந்தே இப்படித்தான்."

"அப்ப என்ன நடந்துது?"

அவர் பிடுங்குவதை நிறுத்தாமல் சொன்னார். "தம்பி ஒருத்தன் இருந்தான். சோலையப்பன். இங்கதான் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டினான். ஈராக்காரன் உள்ள வந்து சண்டை ஆரம்பிச்சு எட்டாம் நாள், மாவு எடுத்துட்டு வரச் சொன்னாங்கன்னு வேனை எடுத்துட்டுப் போனான். வரல. இருபது நாள் ரூம்ல காத்திருந்தேன். அப்புறம் எல்லாரும் கெளம்பினாங்கன்னு நானும் பஸ் ஏறி ஜோர்டான் போயி, பிளைட்ல ஊர் போயிட்டேன்."

"திரும்ப வந்தது அவரைத் தேடியா?"

"அப்படித்தான் நெனைச்சேன். யாருகிட்ட கேக்கறது? ஒரு மாசம் கேட்டேன். அப்புறம் வேலையைப் பாத்தேன்."

"அம்மாகிட்டச் சொல்லிருக்கலாம்லா."

"அவங்க பையன் பேரு காணாம போனவங்க லிஸ்ட்ல இருக்கு. என் தம்பி பேரு எந்த லிஸ்ட்லயும் இல்ல. சொல்லி என்ன ஆகப்போகுது?"

அன்று மாலைக்குள் சுகிர்தராணி அம்மாளிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் உம் ஃபஹத்தின் நாற்காலி மோட்டார் அறை வாசலுக்கு வந்தது. செத்த பாத்தியைப் பற்றி அவர் கேட்கவில்லை. டீ கப்புகளை வெகுநேரம் பார்த்தார்.

"நான்கு வருடமாக என் வீட்டில் இருக்கிறாய்" என்றார்.

"ஆமாம், மாமா."

"உன் தம்பிக்கு என்ன வயது?"

"அப்போது இருபத்துநான்கு."

உம் ஃபஹத் நாற்காலியைத் திருப்பச் சொன்னார்.

பெருநாள் வந்து போனது. யாரையும் விடவில்லை. பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி உமாபதி கப்புகளை மண்ணில் இறக்கினார். பனி விழவில்லை. ஏப்ரல் முதல் வாரம் காய் பறித்து உள்ளே கொடுத்தனுப்பினார். சமைத்தார்களா என்று தெரிந்துகொள்ளவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலை உம் ஃபஹத் அவரைக் காரில் ஏறச் சொன்னார். டிரைவருக்குப் பக்கத்தில் உமாபதி உட்கார்ந்தார். சுகிர்தராணியும் அம்மாளும் பின்னால். நகரத்தில், காணாமல் போனவர்களைப் பதியும் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த இளைஞனுக்கு அம்மாளைத் தெரிந்திருந்தது. எழுந்து நின்றான். அவர் உமாபதியைக் காட்டி ஏதோ வேகமாகப் பேசினார். இளைஞன் தயங்கினான். குவைத்திகளுக்கான படிவம் இது என்றான். அம்மாள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். கடைசியில் அவன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தான்.

பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அரபியில் 'ழ' இல்லை; சோலையப்பனில் அதற்குத் தேவையும் இல்லை. 'ப்ப' தான் வரவில்லை. சோலையப்பன் சோலையபன் ஆனான். வேனின் நிறம் கேட்டான். வெள்ளை. பிறந்த தேதி கேட்டான். உமாபதிக்கு ஆடி மாதம் என்பது மட்டும் நினைவிருந்தது. ஊருக்கு எழுதிக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இளைஞன் தாளை ஒரு கோப்புக்குள் வைத்து மூடினான்.

திரும்பும் வழியில் கார்க் கண்ணாடி வழியே உப்பு பூத்த தரை ஓடிக்கொண்டிருந்தது. அழுகை வரும் என்று உமாபதி எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. ஆனால் பசித்தது. காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சிஸ்டர், வழியில எங்கயாச்சும் நிறுத்தச் சொல்லுங்க. எதையாவது சாப்பிடணும்" என்றார்.

சுகிர்தராணி அதை அரபியில் சொன்னாள். உம் ஃபஹத் டிரைவரின் தோளைத் தொட்டார். அடுத்த கடையில் கார் நின்றது.