நாற்பத்தாறு சதவீதம்

டீசலும் பெட்ரோலும் கலந்து நிரப்பிய தகரப் பந்தத்தை இடது கையில் தூக்கிக்கொண்டு யெசேனியா ஒர்டேகா வேலியோரம் நடந்து போனாள். கிர்ஸ்டன் ஹால்வர்சன் அதைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கனம் உள்ள பந்தம். அவளோ கடையில் பால் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவள்போலப் பிடித்திருந்தாள். கொஞ்சம் தடுமாறியிருந்தாலாவது கிர்ஸ்டனின் மனம் ஆறியிருக்கும்.

அயோவாவில் இருக்கும் அந்தச் சின்னக் கல்லூரியில் ஏப்ரல் மாதம் புல்வெளிக்குத் தீ வைப்பார்கள். வைத்தால்தான் களை சாகும், மண்ணுக்கு உரிய பழைய புல் தழைக்கும். சூழலியல் படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள் ஆளுக்கொரு எரிப்புத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். பேராசிரியர் ரூத் பிளம்மர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். யாருடைய திட்டமோ அவர்தான் அன்றைக்குத் தலைவர். பேராசிரியரே அவர் சொன்ன இடத்தில்தான் நிற்பார். கோடையில் ஆய்வு நிலையத்தில் வேலையும் அவருக்குத்தான். மேற்படிப்புக்கு அதைவிடப் பெரிய சிபாரிசு வேறு கிடையாது.

அந்த நாற்பது ஏக்கரைக் கல்லூரிக்குக் கொடுத்தவர் கிர்ஸ்டனின் கொள்ளுத்தாத்தா. வாசலில் இருக்கும் கல்லில் ஹால்வர்சன் என்ற பெயர் வெட்டியிருக்கிறது. அவளுடைய அப்பாவும் அத்தையும் தங்கள் காலத்தில் பந்தம் பிடித்தவர்கள். அந்த வீட்டுப் பெண் அந்த நிலத்திலேயே இன்னொருத்தியின் உத்தரவுக்கு நின்றது இதுதான் முதல் தடவை. இன்னொருத்தி என்றால், இரண்டு மணி நேரத் தொலைவில் பன்றி இறைச்சி ஆலையில் கத்தி பிடிக்கிறவரின் மகள்.

கிர்ஸ்டனின் திட்டம் முப்பத்தொரு பக்கம். யெசேனியாவுடையது பதினொன்றுதான்; தேர்வானதும் அதுதான். காரணம் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போய்க் கேட்டே விட்டாள்.

"நீ ரொம்ப நல்லா எழுதியிருக்க, கிர்ஸ்டன்," என்றார் பிளம்மர். "ஆனா அவ சுத்தி இருக்கிற ஒம்போது வீட்டுக் கதவையும் தட்டிப் பேசியிருக்கா. யார் வீட்ல ஆஸ்துமா, யார் கொட்டகைல வைக்கோல் இருக்கு, எல்லாம் அதுல இருக்கு. நீ ஒரு கதவையும் தட்டல."

ஹால்வர்சன்கள் கதவைத் தட்டுவதில்லை. ஊரார்தான் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பேராசிரியரிடம் அதைச் சொல்ல முடியுமா?

காலையில் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். "உனக்கு என்ன வேலை குடுத்திருக்காங்க?"

"காத்துல ஈரம் பாக்குறது."

"ம்," என்றார் அப்பா. தொலைபேசியை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

ஈரம் பார்ப்பது பெரிய வித்தை அல்ல. ஒரு சட்டத்தில் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் நுனியில் பருத்தி உறை. உறையை நனைத்து, சட்டத்தைத் தலைக்கு மேலே கிலுகிலுப்பைபோலச் சுழற்றி, இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு கணக்குப் போட வேண்டும். முப்பது சதவீதத்துக்குக் கீழே போனால் தீ வைக்கக் கூடாது. காய்ந்த காற்றில் பொறி அணையாமல் தூரம் போகும்.

கிர்ஸ்டன் சுழற்றினாள். கண் மட்டும் பந்தத்தின் மேலேயே இருந்தது. பிளம்மர் ஏதோ சொல்ல, யெசேனியா தலையசைத்துச் சிரித்தாள்.

"கிர்ஸ்டன், எவ்வளவு?" வாக்கி டாக்கியில் யெசேனியாவின் குரல் வந்தது.

"நாப்பத்தாறு."

"சரி. கெழக்கு ஓரத்துல ஆரம்பிக்கிறேன்."

பந்தத்தின் மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக நெருப்பு விழுந்தது. புல் முதலில் புகைந்தது, பிறகு சடசடவென்று பிடித்தது. யெசேனியா திரும்பிப் பார்க்காமல் நேர்கோடாக நடந்தாள். தான் நடந்திருந்தாலும் கோடு அத்தனை நேராக விழுந்திருக்குமா என்று கிர்ஸ்டன் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

பக்கத்தில் கேலப் முதுகில் தண்ணீர்ப் பையோடு நின்றான். இசை மாணவன். அறிவியல் பாடம் ஒன்றாவது எடுத்தே ஆக வேண்டும் என்பதால் வந்தவன்.

"நான் பியானோ படிக்க வந்தவன். என் முதுகைப் பாரு, இருபது கிலோ தண்ணி," என்றான். "உங்க தாத்தா ஒரு கச்சேரி மண்டபம் குடுத்திருக்கக் கூடாதா?"

"கொள்ளுத்தாத்தா," என்று திருத்தினாள்.

அரை மணி கழித்து அடுத்த அளவு. உறையை நனைக்கத் தண்ணீர்க் குப்பியை எடுத்தாள். மூடியின் முத்திரை உடையவில்லை. ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு உறையைத் தொட்டாள். விறைப்பாக இருந்தது. நேற்றுப் பழகியபோது நனைத்ததன் மிச்சத்தை வைத்துத்தான் காலையில் சுழற்றியிருக்கிறாள். பாதி காய்ந்த உறை ஈரத்தைக் கூட்டித்தான் காட்டும். அவள் சொன்ன நாற்பத்தாறு பொய்க் கணக்கு. உண்மை எவ்வளவோ, யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் ஒரு பொறி எழும்பி, தீ பரவாமலிருக்கப் புல்லை வெட்டிவிட்ட பாதையைத் தாண்டி, பக்கத்து வீட்டு டோர்ன்போஸ் அம்மாளின் வைக்கோல் கொட்டகைப் பக்கம் விழுந்தது. கேலப் ஓடிப்போய்த் தண்ணீர் பீய்ச்சி மிதித்தான். "ஒண்ணுதான்," என்று சிரித்துக்கொண்டே வந்தான்.

நேற்று இரவெல்லாம் இந்த எரிப்பு நின்றுபோக வேண்டும் என்றுதான் கிர்ஸ்டன் ஏங்கிக்கொண்டிருந்தாள். மழையோ காற்றோ, ஏதாவது வந்து நிறுத்தட்டும் என்று. இப்போது நிறுத்துவது அவள் கையில் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்திச் சொன்னால் போதும். சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். வயிற்றெரிச்சலில் கெடுத்தாள் என்பார்கள். நம்பினாலோ, துணியை நனைக்கத் தெரியாத ஹால்வர்சன் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் பெயர் போகும். சும்மா இருந்தால் போகாது, ஒருவேளை.

புகை கொட்டகைக் கூரைமேல் சாய்ந்துகொண்டிருந்தது.

பொத்தானை அழுத்தினாள். "யெசேனியா, நிறுத்து. நான் குடுத்த கணக்கு தப்பு."

கேலப் அவளையே பார்த்தான். "பந்தம் கெடைக்கலேன்னா இப்படியா பண்ணுவ?" என்றான். அதில் விளையாட்டு இல்லை.

யெசேனியா பந்தத்தை அணைத்துவிட்டுப் புல்லின் குறுக்கே வந்தாள். பின்னால் பிளம்மர். "என் கண் முன்னாடி எடு," என்றாள் யெசேனியா.

கிர்ஸ்டன் முத்திரையை உடைத்து, உறையை நனைத்து, சுழற்றினாள். யெசேனியாவே குனிந்து படித்துக் கணக்குப் போட்டாள். இருபத்தொன்று.

"முடிவு உன்னோடது," என்றார் பிளம்மர், யெசேனியாவிடம்.

அவள் வைக்கோல் கொட்டகையைப் பார்த்தாள். இன்னும் எரியாத முப்பத்தெட்டு ஏக்கரைப் பார்த்தாள். அடியில் பச்சை கிளம்பிவிட்டது. அடுத்த வாரத்துக்குள் தழைத்துவிடும், பச்சையில் தீ பிடிக்காது, இந்த ஆண்டுக்கு இனி வாய்ப்பில்லை. "அணைச்சிடலாம்," என்றாள்.

அணைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மற்றவர்கள் குழாய்களைச் சுருட்டிக்கொண்டு போனபிறகு, கங்கு கிடக்கிறதா என்று பார்க்க இருவர் இருக்க வேண்டும். தலைவர் இருந்தாக வேண்டும். கிர்ஸ்டன் தானாகவே நின்றுகொண்டாள்.

கரிந்த நிலத்தில் இருவரும் மண்டியிட்டுப் புறங்கையால் சாம்பலைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தார்கள்.

"நீ எதையும் மறக்கிறவ இல்லையே," என்றாள் யெசேனியா, தலை நிமிராமல். "எப்படி மறந்த?"

காற்றின்மேல் பழி போடலாம். குப்பியின்மேல் போடலாம்.

"உன்னையே பாத்துட்டு இருந்தேன்," என்றாள் கிர்ஸ்டன்.

யெசேனியாவின் கை சாம்பலிலேயே நின்றது. பிறகு நகர்ந்தது. "அறிக்கையில காரணம் எழுதணும்."

"என் பேரை எழுது. ஹால்வர்சன்னு முழுசா எழுது."

"எழுதத்தான் போறேன்."

அந்தக் குரலில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஒரு வருஷ உழைப்பு வீணான பின்னும் அவளால் எப்படி இப்படிப் பேச முடிகிறது? அந்த நிதானத்தின்மேலும் கிர்ஸ்டனுக்குப் பொறாமைதான் வந்தது. காலையில் வந்ததைவிட அதிகமாக.

மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த பருந்து ஒன்று அவர்களுக்குப் பத்தடி முன்னால் கரியின்மேல் இறங்கியது. ஒளிய இடமில்லாமல் ஓடிய வயல் எலியை ஒரே அமுக்காக அமுக்கியது. இருவரும் அசையவில்லை. அது உடனே பறந்துவிடவும் இல்லை. எலியைக் காலடியில் வைத்துக்கொண்டு, இறகில் சாம்பல் ஒட்ட, முதலில் ஒருத்தியையும் பிறகு மற்றவளையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது.