உள்ளே ஆள் இருக்கு

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்து, அவள் மஞ்சள் காகிதத்தில் பூ வெட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் பங்கேற்பு வாரமாம். பங்கேற்பு என்றால் ஆண்டுவிழா மேடைக்குப் பூ வெட்டித் தருவது என்பது இங்கே வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அழகு நிலையத்தில் நாள் முழுக்க முடி வெட்டுகிறவளுக்குக் கத்தரிக்கோல் புதிதல்ல. ஆனால் முதலாளியம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் விடுப்பு வாங்கியது இதற்காக இல்லை.

மகளுக்குக் காய்ச்சல் வந்து, ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுதபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "பிள்ளை பகல் முழுக்க அடக்கி வெக்குது. ஏன்னு விசாரிங்க" என்றார். விசாரித்தாள். மிரட்டியும் கொஞ்சியும் வராத பதில், குளிப்பாட்டும்போது சோப்பு நுரைக்குள்ளிருந்து வந்தது.

"ஸ்கூல்ல பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லம்மா. யாராச்சும் வெளியலேர்ந்து இழுத்துத் தொறந்துட்டுச் சிரிப்பாங்க."

ஒரு தாழ்ப்பாள். அவ்வளவுதானே என்று நினைத்தாள். வகுப்பு டீச்சர், "ஆபீஸ்ல சொல்லுங்க" என்றார். ஆபீசில், "பெரிய டீச்சர் வரட்டும்" என்றார்கள். பெரிய டீச்சரோ, நடந்துகொண்டே, "பெற்றோர் கூட்டத்துல சொல்லுங்கம்மா, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். வாட்ஸப் குழுவில் எழுதிப் பார்த்தாள். வரிசையாகக் கட்டைவிரல்கள் முளைத்தன. அதற்குக் கீழேயே ஒரு அம்மா, நடனத்துக்கு ரோஸ் கலர் பாவாடையா ஊதாவா என்று கேட்க, குழு முழுக்கப் பாவாடைக்குள் புகுந்துகொண்டது. வெளியூரில் வேலை செய்யும் கணவனிடம் போனில் புலம்பினால், "நீ பாத்துப் பேசு, பகைச்சுக்காத" என்றான். பகைத்துக்கொள்ளக்கூட ஒருத்தரும் நின்று முகம் கொடுக்கவில்லையே, யாரைப் போய்ப் பகைப்பது?

இன்று பெரிய டீச்சர் வந்து கைகூப்பினார். "பள்ளிக்கூடமும் வீடும் வண்டியோட ரெண்டு சக்கரம். நீங்க எங்களோட கைகோத்தாதான் பிள்ளைங்க முன்னேறும்" என்று உருக்கமாகப் பேசிவிட்டு, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

அவள் எழுந்தாள். நாற்காலியும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாற்காலியைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணுங்க பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைங்க. என் பொண்ணுக்கு உடம்புக்கே வந்துடுச்சு" என்றாள்.

பெரிய டீச்சரின் புன்னகை கொஞ்சமும் குறையவில்லை. "உங்க பிள்ளை பிரச்சினையத் தனியா வந்து பேசுங்கம்மா. இங்க பொதுவா எதாவது..."

"இது பொதுதாங்க."

"வேற யாரும் சொல்லலையே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அத்தனை தலைகளும் காகிதத்தின் மேல் கவிழ்ந்திருந்தன. கத்தரிக்கோல்களின் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய டீச்சர் அடுத்த அறைக்குப் போனதும், பக்கத்து நாற்காலி அம்மா காதருகே குனிந்தாள். "என் பொண்ணும் அப்படித்தாங்க. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம ஓடுவா."

"அப்ப எழுந்து சொல்லியிருக்கலாமே?"

"எதுக்குங்க வம்பு? நாம பேசிட்டு வந்துடுவோம். பிள்ளை தினமும் அவங்க முகத்துல முழிக்கணுமே."

அந்த அம்மா மேல் கோபப்படவும் முடியவில்லை. இடைவேளை மணி அடித்தது. பாதி வெட்டிய பூவை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

தண்ணீர்க் குழாயின் பக்கம், செடிப்பாத்தியின் ஓரத்தில் மகள் குந்தியிருந்தாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மெல்லச் சாய்த்து, கடைசிச் சொட்டுவரை மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தினமும் சாயந்திரம் காலி பாட்டிலைப் பார்த்து, 'என் செல்லம், எல்லாத்தையும் குடிச்சிட்டியே' என்று கன்னத்தைக் கிள்ளியது நினைவுக்கு வந்தது. அம்மாவைக் கண்டதும் குழந்தை பாட்டிலைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்தாள்.

"செடிக்கும்மா..."

திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. கையைப் பிடித்துப் பாத்ரூமுக்கு அழைத்துப்போனாள். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகளும் துருக்கறையும் மட்டும் இருந்தன.

"உள்ள போ. நான் நிக்கறேன்."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"என்னைத்தான் பாப்பாங்க. போ."

கதவைச் சாத்தி, முதுகால் அடைத்து நின்றாள். மகள் வெளியே வந்தபோது, எண்ணெய் வழியும் இரட்டைச் சடையோடு இன்னொருத்தி தயங்கித் தயங்கி நின்றாள். "ஆன்ட்டி, எனக்கும் நிப்பீங்களா?" அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். அப்புறம் ஒருத்தி, கால்களைப் பின்னிக்கொண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை குழாய்வரை நீண்டது. இத்தனை பேருமா? இவ்வளவு நாளாகவா? நாளைக்கு அவள் கடையில் யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருப்பாள். நாளைக்கு இங்கே யார் நிற்பது?

வகுப்புக்கு மணி அடித்தது. வரிசை கலையவில்லை. ஆயா வேகமாக வந்தாள். "ஏம்மா, பெரிய டீச்சர் கூப்பிடறாங்க. பூவெல்லாம் பாதியில கெடக்காம்."

"உள்ள ஆள் இருக்குன்னு சொல்லுங்க."

ஆயா வரிசையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், திரும்பிப் போனாள். தாழ்வாரத்தின் கோடியில் பெரிய டீச்சரின் குதிகால் செருப்பு டக்டக்கென்று நெருங்கி வந்தது. அவள் கால்களை அகட்டி, முதுகை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"ஆன்ட்டி, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."