நின்று பார்த்தவர்கள்

...இப்பத்தான் நிக்கிறாகளே, பெறகென்ன என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டாள் சுபலட்சுமி, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, கையில் போன்... திருச்சுழிக்கு எப்போது, வீரசோழனுக்கு எப்போது பஸ் என்று கண்டக்டர்மாரிடம் கேட்டுக் கேட்டு, பேச்சும் வாங்கி, அவளே உண்டாக்கிய பஸ் நேர வெப்சைட்டுதான் அந்தப் போனில், போன மாசம் வரைக்கும் வந்தவர்கள் வந்த வேகத்தில் போய்விடுவார்கள், வீட்டுக்காரர் பிரவின்குமார் எப்படிக் கேலி பண்ணினார், "ஒன் வீட்டுக்கு வாரவுக வாசலோட திரும்புறாக, பெறகு நெட்டுல தேடுறப்ப ஒம் பக்கத்தப் பின்னால தள்ளாம என்ன செய்வாக? ஆளு நின்னாத்தான் நல்ல பக்கம்னு அர்த்தம்" என்று, பாவம், வந்தவர்களெல்லாம் இலையில் கை வைக்காமலே எழுந்துபோன விருந்தாளிகள் மாதிரித் தோன்றிவிட்டது அவளுக்கு, அதனால்தானே மேலே கோயில் படம், ஊர்க் கதை, தெப்பக்குளத்துக் கதை எல்லாம் போட்டு பஸ் நேரத்தை அடியில் இறக்கினாள், ஆட்கள் நின்றார்கள், அவரும் "பரவால்லயே" என்றார், அந்த ஒரு சொல்லுக்கு இம்புட்டுச் சந்தோஷமா ஒரு மனுசிக்கு?

அட, பக்கத்துப் பெண்ணின் போனில் இருப்பது அதே கோயில் படமல்லவா, நம்ம பக்கம்தான், பார்க்கட்டும், நல்லாப் பார்க்கட்டும்... ஆனால் அவள் படிக்கவில்லையே, உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலால் தள்ளித் தள்ளி விடுகிறாளே, "ஏத்தா, இதுல ரெட்டியபட்டி பஸ்ஸு எங்கன போட்டிருக்கு? பிள்ளை பள்ளிக்கூடத்துல காய்ச்சலாக் கெடக்காம், டீச்சர் போன் மேல போன் போடுறாக, இங்கன எவனோ வேலையத்தவன் கதை கதையா எழுதி வச்சிருக்கான்." எவனோ இல்லை, நான்தான்... "அந்தா, அந்தக் கோடியில நகருதே, அதுதான், ஓடுங்கக்கா" என்று கையை நீட்டிக் காட்டினாள் சுபலட்சுமி, அந்தப் பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி, பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டித் தட்டி, ஏறியும்விட்டாள்.

அப்பாடா... ஆனால் அவள் தவித்த தவிப்பெல்லாம் ஆசையாய் நின்று பார்த்ததாகத்தானே கணக்கில் ஏறியிருக்கும், அப்படியானால் போன மாசம் வரைக்கும் நிற்காமல் போனவர்கள், அவர்கள் எல்லாம் பிடிக்காமலா போனார்கள், வந்த காரியம் முடிந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடினவர்களோ, அத்தனை பேரையுமா நான் கோபித்துக்கொண்டிருந்தேன்... போனைத் திருப்பிப் பார்த்தாள், இந்த நிமிஷம் வெப்சைட்டில் ஒன்பது பேர் என்று காட்டியது, காலையில் என்றால் மனசு குளிர்ந்திருக்கும், இந்த ஒன்பது பேரும் எங்கே நிற்கிறார்கள், பாலவனத்தம் விலக்கு ரோட்டிலா, வீரசோழனிலா, யாருக்கு எங்கே என்ன அவசரமோ... வீட்டுக்குப் போய் பஸ் நேரத்தை மறுபடி மேலே ஏற்றிவிடலாம், அவரிடம் என்ன சொல்வது, அதற்குள் போனில் ஒன்பது பேர் பதினொரு பேராகிவிட்டது.