காப்புக் கட்டிய மீன்

1

இருந்தவர்கள்: கல் உடைக்கும் நவமணி. அவள் புருஷன் குழந்தைவேலு, சுண்ணாம்புச் சூளையில் விறகு தள்ளுகிறவன். பாப்பம்மா, அவளுக்கும் கல் உடைப்புதான், கூடவே எல்லாருக்கும் பூசை வைப்பாள். கங்காணி சின்னையா. பெயர் வைக்க எனக்கு மனம் வராத ஒரு ஜப்பான் அதிகாரி. கல்லுக்குள் ஒரு மீன். மீனுக்குப் பின்னால், அதை எட்டிப் பிடிக்காமலே செத்துப்போன, உடும்பு போன்ற ஒரு பிராணி.

இவர்களில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது மீன் மட்டும்தான். மலேசியாவில், கோலா கெடா மீன் சந்தையில் பிரேமாவதி என்ற பெண், வாங்கிய மீனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன்.

"எங்க தாத்தா சயாம் போகாம தப்பிச்சது ஒரு மீனாலதான் அண்ணே. கல்லு மீனு. அவ்ளோதான்லா எனக்குத் தெரியும்."

மீதி முழுக்க நான் கட்டியது. சொன்னதற்கு அவளுக்கு நன்றி. அதற்கு மேல் சொல்லாததற்கு இன்னும் பெரிய நன்றி.

2

முதல் தொடக்கம்: "பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலாக இருந்தபோது, அதன் அடியில்—"

நிறுத்திவிட்டேன். பொய் இல்லை. ஆழமில்லாத கடல், செத்தவை அடியில் படிந்தன, மேலே சேறு மூடியது, சேறு சுண்ணாம்புக் கல்லானது. ஆனால் பசியோடு நிற்பவர்களை அத்தனை கோடி ஆண்டுகள் காக்க வைக்கக் கூடாது.

இரண்டாம் தொடக்கம்: ஜப்பான்காரன் காலம். கெடாவில் குருண் ஊருக்கு வடக்கே ஒரு குன்று. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களைக் கொண்டுவந்து அங்கே கல் உடைக்க விட்டிருந்தார்கள். மறுநாள் காலை லாரி வரும், ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப் போகும் என்று கங்காணி சொல்லியிருந்தார். முன்பு போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. நவமணி அந்தக் கோபத்தைக் கல்மேல் காட்டினாள். கல் இரண்டு பலகையாகப் பிளந்தது.

"பாப்பம்மாக்கா, இங்க வந்து பாரேன்."

"அட, மீனு! கொழம்பு வச்சிரலாமாடி?"

"வெறும் முள்ளுதான்கா இருக்கு."

"நம்மள மாதிரியே."

"என்னாடி அங்க கூட்டம்?" என்று வந்த சின்னையா, கல்லைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "கல்லுக்குள்ள மீனு எப்படி நீந்தும்? இது சாமி."

மீன் என்பது நவமணிக்குத் தெரியும். ஆனால் கங்காணியின் முகத்தையும் அவள் பார்த்தாள்.

"சாமி வந்திருக்குன்னா காப்புக் கட்டணும்ல அண்ணே?"

"அது முறைதான்," என்றார் அவர். கையில் மஞ்சள் நூல் ஏறிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பதும் முறைதான். அது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

பாப்பம்மா சாக்கிலிருந்து நூல் உருவி மஞ்சள் தடவினாள். முதல் காப்பு மீனுக்கு. அடுத்தது குழந்தைவேலுவுக்கு. பிறகு ஆண்கள் வரிசை. வரிசைக் கடைசியில் சின்னையாவும் நின்றார். சாமிக்கு முன்னால் அவருக்குக் கை தானாக நீளும்.

[பாப்பம்மா நிஜமாக நம்பினாளா? ஒரு வரைவில் நம்புகிறாள். இன்னொன்றில் நடிக்கிறாள். இரண்டிலும் முடிச்சு ஒரே மாதிரிதான் இறுகுகிறது. அவளை விட்டுவிட்டேன்.]

சாயங்காலம் சின்னையாவுக்கு உறைத்தது. "நவமணி, நாளைக்கு ஒம் புருஷன் போய்த்தான் ஆகணும். காப்ப அவுத்துரச் சொல்லு."

"நடுவுல அவுக்கலாமா? நீங்களே அவுத்து விடுங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அப்ப காப்போடயே போகட்டும். சாமி குத்தம் அவனுக்குத்தானே."

3

லாரி வந்தது.

[ஒரு வரைவில் அதிகாரி அவன் ஊரில் இப்படிப்பட்ட கற்களைத் தேடி அலைந்த படிப்பாளி. மீனைக் கண்டதும் மனம் இளகி— கிழித்துவிட்டேன். அப்படி இளகியவன் எவனையும் எனக்குத் தெரியாது. இன்னொரு வரைவில் லாரி குழந்தைவேலுவோடு போய்விடுகிறது. அப்படியானால் பிரேமாவதி கிடையாது. சந்தையில் நான் தனியாக நிற்கிறேன்.]

குழந்தைவேலு லாரியில் ஒரு காலை வைத்துவிட்டான். அப்போது அதிகாரி பிரம்பைச் சின்னையா பக்கம் நீட்டினான். நீயும் ஏறு. இவர்களை அங்கே வேலை வாங்க ஆள் வேண்டும்.

சின்னையா தன் மணிக்கட்டைப் பார்த்தார். அவர் எதற்கு அதிகம் பயப்படுகிறார் என்று நவமணிக்குத் தெரிந்துவிட்டது. பிரம்புக்கு இல்லை.

"சாக்கிட், துவான்," என்றார். நோய், ஐயா என்று சொல்ல அவருக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். தன் கையைக் காட்டி, வரிசையில் இருந்த மஞ்சள் நூல் ஒவ்வொன்றையும் காட்டினார். "சாக்கிட். சாக்கிட். எல்லாம் சாக்கிட்." குரல் நடுங்கியது. பொய்க்கு அது ஒத்தாசையாக இருந்தது.

"இருமுடா," என்று பாப்பம்மா பல்லைக் கடித்தாள். "மரமாட்டம் நிக்கிற!"

குழந்தைவேலு இருமினான். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். என்ன நோய் என்று அவன் நின்று கேட்கவில்லை. காலராவில் அவனுடைய ஆட்களும் செத்துக்கொண்டிருந்த காலம். நூல் கட்டியவனையெல்லாம் தங்கும் கொட்டகையில் அடைக்கச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான். லாரி காலியாகத் திரும்பியது.

4

அந்தக் கல் பிறகு சூளைக்குப் போயிருக்கும். சாமி என்றாலும் சுண்ணாம்புக் கல்தானே. மீனையும் அதைத் துரத்திய பிராணியையும் சுட்டு, நீற்றி, யாரோ சுவரில் அடித்திருப்பார்கள், இல்லை வெற்றிலையில் தடவித் தின்றிருப்பார்கள். விழுந்து கும்பிட ஒரு சில்லுகூட மிச்சமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

லாரி மறுபடி வந்ததா, காப்பை யார் எப்போது அவிழ்த்தார்கள், சின்னையாவை மன்னித்தார்களா என்பதை நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை, பிரேமாவதி பிறந்தாக வேண்டும்.

நான் கடைசியாகப் பார்த்தது இது. குன்றில் காவல் நின்ற சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டையால் ஆண்களைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். குழந்தைவேலு வாசலில் திரும்பினான்.

"நவமணி, எத்தன நாளைக்குடி?"

"எத்தன நாளானா என்னா. உள்ள போய்யா."

அவன் உள்ளே போனான். சிப்பாய் கதவைச் சாத்திப் பூட்டினான். அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்து நவமணி கைகூப்பினாள்.