பாட்டு நின்றால் ஓடி வரணும்

யானை ஏறி மிதித்தாலும் உடையாது என்று வெங்கடசுப்ரமணியன் சார் சொன்ன ரேடியோவை நான்தான் உடைத்தேன். செழியனின் சம்மட்டியை எடுத்து, கேமராவுக்கு நேராக வைத்து உடைத்தேன். அறிவுமதிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று குடவாசல் டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். பைத்தியம் பிடித்திருந்தால் ரேடியோவோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

நான் கட்டட வேலையில் சித்தாள். கல் சுமப்பேன், மணல் சலிப்பேன், கலவை மெஷினும் ஓட்டுவேன். என் வீட்டுக்காரர் இளம்பரிதி கொத்தனார். மேஸ்திரி இராஜாங்கம் அண்ணன், பலகை அடிக்கிற செழியன், நாங்கள் இரண்டு பேர், இவ்வளவுதான் எங்கள் செட்டு. கூடவே ஒரு ரேடியோ.

ஆளுக்கொரு போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு நாள் சிமெண்டுக் கையால் போனைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தடவத் தடவ அது முழிக்கும். பாதிப் பாட்டில் மாமியார் கூப்பிடுவார். மத்தியானத்துக்குள் சார்ஜ் போய்விடும்.

எங்கள் பழைய ரேடியோவைக் கும்பகோணத்தில் ஜாஃபர் சாதிக் பாய் கடையில் வாங்கினோம். பாய் பளபளவென்று ஏழெட்டு எடுத்து வைத்தார். என் வீட்டுக்காரர் பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் தடவினார்.

"என்ன தம்பி, ரேடியோ வாங்க வந்தீங்களா, ஜோசியம் சொல்ல வந்தீங்களா?" என்றார் பாய்.

"பாக்காமயே நிறுத்த வரணும் பாய். இதக் கீழ போட்டுப் பாக்கலாமா?"

"காசக் குடுத்துட்டு எத்தன தடவ வேணாலும் போடுங்க. நான் வேணாங்கல."

கடைசியில் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு குண்டு ரேடியோவை எடுத்தோம். பெரிய பேட்டரி போடுவது. பாட்டை நிறுத்துகிற திருகு ஒரு மெதுவடை அளவு இருக்கும். கலவை மெஷின் பக்கத்தில் ஓடினாலும் பாட்டு கேட்கும். சாரத்திலிருந்து விழுந்தால் பின்மூடி கழன்று ஓடும், கம்பியால் இழுத்துக் கட்டினால் மறுபடி பாடும். எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

எங்களுக்கு ரேடியோ பாட்டுக்கு மட்டும் இல்லை. கட்டட வேலையில் காலையிலிருந்து எல்லாரும் கத்திக்கொண்டேதான் இருப்போம். கல்லுக்குக் கத்துவோம், கலவைக்குக் கத்துவோம், டீக்குக் கத்துவோம். அதனால் ஆபத்து என்று ஒருவர் கத்தினாலும் மற்றவர் காதில் ஏறாது. ஆனால் காலையிலிருந்து பாடிக்கொண்டிருக்கிற ரேடியோ சட்டென்று நின்றால், பாட்டைக் கவனிக்காதவருக்கும் அது கேட்டுவிடும். எங்கள் செட்டில் அதுதான் சட்டம். பாட்டு நின்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வரணும். யார் நிறுத்தினார், எதற்கு நிறுத்தினார் என்று நின்று யோசிக்கக் கூடாது. அதனால் டீ குடிக்கும்போதுகூட ரேடியோவை நிறுத்த மாட்டோம். பேட்டரி தீர்ந்தால் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அது வேறு மாதிரி, எங்களுக்குத் தெரியும். நீடாமங்கலத்தில் ஒரு வேலையில் சாரத்தில் கரண்ட் பாய்ந்தது. இராஜாங்கம் அண்ணன் திருகைத் திருப்பினார். சாரத்தில் கை வைக்கப் போன செழியன் அப்படியே திரும்பி ஓடி வந்தான். அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பது அதனால்தான்.

இனி சாரைப் பற்றிச் சொல்கிறேன். பெங்களூரில் பெரிய உத்தியோகம். வாய்க்கால்கரையில் அவருடைய பூர்வீக மனையில் வீடு கட்டுகிறார். அவருடைய தாத்தா வயலில் எங்கள் தாத்தாக்கள் நாற்று பறித்தவர்கள். அந்தத் தாத்தா வாடா போடா என்றுதான் பேசுவாராம். இவர் வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா என்பார். ஒரு சொல் கடுமையாக வராது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. வாடி என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன், மற்றதெல்லாம் நடந்திருக்காது.

மனையில் ஒரு கம்பம் நட்டுக் கேமரா வைத்திருந்தார். அது பார்க்கும், கேட்கும், பேசவும் செய்யும். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, "இராஜாங்கம், அந்த மூலைல செங்கல் வீணாகுது பாருங்க" என்பார். முதல் நாள் நான் பயந்து மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

நிலைவாசல் வைத்த அன்றைக்கு நேரில் வந்தார். கம்பியால் கட்டியிருந்த எங்கள் ரேடியோவைப் பார்த்து, "இது என்னங்க, கோலமே சரியில்லையே" என்று சிரித்தார். காரிலிருந்து ஒரு புது ரேடியோவை எடுத்துத் தந்தார். மஞ்சளும் கறுப்புமாக, சுற்றிலும் ரப்பர், மேலே இரும்புக் கைப்பிடி. வெளிநாட்டில் கட்டட வேலைக்காரர்களுக்கென்றே செய்வதாம். தண்ணீர் போகாது, தூசி போகாது. சும்மா சொல்லக் கூடாது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலைக்காரர்கள் என்ன கேட்பார்கள் என்று யோசித்து ஒருவர் வாங்கி வருகிறாரே என்று நினைத்தேன். பழையதை வீட்டுப் பரணில் தூக்கிப் போட்டோம்.

புதியதை அவர் போனிலிருந்தே நிறுத்தலாம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மறுநாளே பாட்டு நின்றது. நான் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். என் வீட்டுக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். செழியன் சாரத்திலிருந்து குதித்துக் கணுக்காலைப் பிசகிக்கொண்டான். யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கேமரா பேசியது.

"சாரிங்க, நான்தான் நிறுத்தினேன். மீட்டிங்ல இருக்கேன். பாட்டுச் சத்தம் இங்க கேக்குது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருந்தாலும் பொறுமையாகச் சொன்னேன். "சார், பாட்டு நின்னா ஆபத்துன்னு அர்த்தம். நாங்க எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிருவோம். எங்க வழக்கம் அது. நீங்க நிறுத்தாதீங்க."

"அடடே, நல்லா இருக்கே இது. ஆனா ஹெல்மெட்லாம் வாங்கித் தந்திருக்கேனேங்க."

"அப்ப உங்க பக்கம் கேமரா சத்தத்தக் குறைச்சுக்குங்க சார்" என்றான் செழியன், காலைத் தடவிக்கொண்டே.

"குறைச்சா நீங்க பேசிக்கிறது எனக்குக் கேக்காதே தம்பி" என்றார் சார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் தெரியுமா?

அதற்குப் பிறகு தினமும் நிறுத்தினார். மீட்டிங் என்றால் நிறுத்துவார். போன் வந்தால் நிறுத்துவார். நிறுத்தியதும் கேமராவில், "சாரிங்க" என்பார். முதலில் ஓடினோம். பிறகு நடந்து வந்து எட்டிப் பார்த்தோம். பிறகு தலையை மட்டும் திருப்பினோம். கடைசியில் அதுவும் இல்லை. எத்தனையோ வருடமாக எங்கள் உடம்பில் ஊறிய ஒரு பழக்கத்தை அந்த மனுஷன் ஒரு விரலால் அழித்துவிட்டார்.

செப்டிக் டேங்குக்கு மேல்தளம் போட்டிருந்தோம். அது இறுகியபின் ஓர் ஆள் உள்ளே இறங்கி, தளத்தைத் தாங்கி நிற்கிற முட்டுக் கம்புகளையும் பலகையையும் பிரிக்க வேண்டும். வேலையிலேயே எனக்குப் பிடிக்காதது இது. ஆற்றில் தண்ணீர் விட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர் வந்தால் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று. தொட்டிக்குள் முழங்கால் தண்ணீர், ஊறி நாறுகிற பலகை. முந்தின நாளே மூடியைத் திறந்து வைத்தோம். ஆனாலும் உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்பது இறங்குகிறவருக்குத்தான் தெரியும். அதனால் அக்குளில் கயிறு கட்டி, கை எட்டுகிற இடத்தில் ரேடியோவைத் தொங்கவிட்டு, தொட்டி வாயருகே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்குவோம். தலை சுற்றினால் ரேடியோவை நிறுத்த வேண்டும். மேலே இருப்பவர்கள் கயிற்றை இழுப்பார்கள்.

"இன்னைக்கு நம்ம பழைய ரேடியோவ எடுத்தாரட்டுமாண்ணே?" என்று காலையிலேயே மேஸ்திரியிடம் கேட்டேன்.

"வேணாம்மா. அவரு குடுத்தத ஒதுக்கிட்டோம்னு நெனப்பாரு. இன்னும் மாடி வேல இருக்கு" என்றார் இராஜாங்கம் அண்ணன். அவர் மேலும் எனக்குக் கோபம்தான். மாடி வேலையாம்.

என் வீட்டுக்காரர் இறங்கினார். நான் வாயருகே நின்றேன். உள்ளேயிருந்து பலகை பிரிகிற சத்தம் வந்தது. நடுநடுவே பாட்டோடு சேர்ந்து அவரும் ராகம் இழுத்தார். கேமரா பேசியது.

"அறிவுமதி, ரொம்ப நேரமா அங்கயே நிக்கிறீங்களே. லாரி வரதுக்குள்ள அந்தக் கல்லையெல்லாம் ஓரமா அடுக்கிடலாமே."

"உள்ள ஆளு இருக்கு சார்."

"கயிறு கட்டியிருக்குல்ல? ரேடியோ வேற இருக்கு. பாட்டு நின்னா ஓடிருவோம்னு நீங்கதானே சொன்னீங்க."

நான் சொன்னதையே எடுத்து என் வாயை அடைத்தார். மேஸ்திரி, போ என்று கண்ணைக் காட்டினார். போனேன்.

கல்லைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கும்போது பாட்டு நின்றது.

"மீட்டிங் ஆரம்பிச்சிருச்சுக்கா" என்றான் செழியன் சாரத்திலிருந்து. சிரித்தான். நானும் சிரித்தேன். கல்லைக் கொண்டுபோய் இறக்கினேன். ஒவ்வொன்றாக அடுக்கினேன். திரும்பி வந்து அடுத்த நடைக்குச் சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. கேமரா ஒன்றும் சொல்லவில்லை. நிறுத்தினால் சாரிங்க என்பாரே, இன்னும் சொல்லவில்லையே.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன், பாரமாக இருந்தது. கத்தினேன். கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் திரும்பவில்லை. ஓடிப்போய் மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தினேன். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். உள்ளே குதிக்கப் போன செழியனை மேஸ்திரி காலால் தள்ளிவிட்டார். இறங்கியிருந்தால் அவனும் போயிருப்பான். என் வீட்டுக்காரர் தலை தொங்க மேலே வந்தார். உதடு நீலமாக இருந்தது. சேற்றில் போட்டு மாரை அழுத்தினோம், ஊதினோம். கேமரா அப்போது பேசியது. "என்னாச்சுங்க? என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

கும்பகோணம் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். உயிர் தங்கிவிட்டது. வலது கை மட்டும் தங்கவில்லை. தம்ளரைக் கொடுத்தால் நழுவ விடுகிறார். கொஞ்சம் சீக்கிரம் வெளியே எடுத்திருந்தால் இது ஆகியிருக்காது என்றார் டாக்டர். கரண்டி பிடிக்கிற கை அது.

கண் விழித்து என்னை அடையாளம் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"நிறுத்துனேனே அறிவு. கேக்கலயா?"

நான் என்ன சொல்வேன்? கேட்டது, சிரித்தேன், கல் அடுக்கினேன் என்றா? போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் பஸ் ஏறினேன்.

மனையில் ஒருவரும் இல்லை. தொட்டி வாயருகே அந்த ரேடியோ கிடந்தது. ஒரு கீறல் இல்லை. சேற்றைத் துடைத்தால் புதுசு. அதைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் வைத்தேன். கம்பம் பேசியது.

"அறிவுமதி, எப்படி இருக்காருங்க? ஆஸ்பத்திரிச் செலவு நான் பாத்துக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், யாரும் தப்பா நினைக்கக் கூடாது. அன்னைக்கு நான் ரேடியோவத் தொடவே இல்லைங்க. போன்லயே பதிவாகியிருக்கு, வேணும்னா அனுப்பறேன்."

"தெரியும் சார்" என்றேன். "அன்னைக்கு நிறுத்துனது எங்க வீட்டுக்காரருதான். நான் நீங்கன்னு நெனச்சுட்டேன்."

செழியனின் சம்மட்டி கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன்.

முதல் அடியில் கைப்பிடி வளைந்தது. அடுத்ததில் ரப்பர் கிழிந்தது. "அறிவுமதி, என்ன பண்றீங்க, நிறுத்துங்க" என்றார் சார். நான் ஓங்கினேன். "நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு சொல்றேன்ல." அப்போதும் ங்க போட்டுத்தான் சொன்னார். பிறகு அதையும் விட்டார். "நிறுத்துடீ!" என்று கத்தினார். தாத்தாவின் குரல் கடைசியில் வந்துவிட்டது.

கத்தட்டும். கட்டட வேலையில் கத்தினால் யாருக்கும் கேட்காது.